மனை வாங்கும் முன் மண்ணைப் பாருங்க!

இந்த மாத இதழுக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நமது மண்’. இந்தத் தலைப்பு கொடுத்தால் எல்லோரும் நாட்டுப்பற்றுக் கட்டுரைதான் எழுதுவார்கள். நான் நிஜமான மண்ணைப் பற்றி, மழை பெய்தால் செருப்பில ஒட்டுற மண்ணைப் பற்றி எழுதப் போகிறேன்.

நம்ம செஞ்சியிலிருந்து எந்தப் பக்கம் பஸ்ஸில போனாலும் ஒரு காட்சி கண்ணில படும். போன வருஷம் மல்லாட்டைக் கொல்லையாகவோ நெல்லுக் கழனியாகவோ இருந்த இடம், இந்த வருஷம் வெள்ளையடிச்ச கல்லு நட்டு, கலர் கொடி கட்டி, நடுவில சிவப்பா ரோடு போட்டு ‘மனைகள் விற்பனைக்கு’ என்று நிற்கும். வீட்டில பெரியவங்க அதைப் பார்க்கப் போவாங்க. பட்டா இருக்கா, வில்லங்கம் இருக்கா, ரோடு எத்தனை அடி, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம், வாசல் எந்தத் திசை என்று எல்லாம் கேட்பாங்க. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த இடத்து மண்ணு என்ன மண்ணு, அது எத்தனை அடி ஆழம் வரைக்கும் இருக்குது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வீடு நிற்கப் போறது பட்டா மேலே இல்லை, மண்ணு மேலே.

முதலில் இந்த மண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம்ம கோட்டை இருக்கிற மூன்று மலைகளும், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, கருங்கல் பாறைகள். 200 கோடி வருஷத்துக்கும் மேலே பழசு. அவ்வளவு பெரிய உருண்டைப் பாறைகளை யாரும் உருட்டி அடுக்கி வைக்கவில்லை. பகல்ல வெயில்ல சூடாகி, ராத்திரி குளிர்ந்து, மழைத்தண்ணி விரிசலுக்குள்ள இறங்கி, வெங்காயத் தோல் உரியற மாதிரி வருஷக்கணக்கா உரிஞ்சு உரிஞ்சுதான் அப்படி உருண்டையாச்சு. உரிஞ்சு விழுந்ததுதான் நம்ம மண்ணு.

கருங்கல்லை உற்றுப் பார்த்தால் பளபளப்பா கண்ணாடி மாதிரி சில புள்ளி இருக்கும். அது குவார்ட்ஸ். அது லேசில கரையாது, உடைஞ்சு மணலா ஆகும். பால் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ இருப்பது ஃபெல்ஸ்பார். அது தண்ணியோடு சேர்ந்து மெதுவா மாறிக் களிமண்ணா ஆகும். கறுப்புப் புள்ளியில இரும்பு இருக்கு. அது துருப்பிடிச்சுத்தான் செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பு வந்தது. நம்ம தாலுகாவில செம்மேடு என்று ஒரு ஊரே இருக்கு. பேர் வச்சவங்க கண்ணால பார்த்துத்தான் வச்சிருக்காங்க.

இப்போ மலை அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் நடந்து போறதா நினைச்சுக்கோங்க. மழைத்தண்ணி மேலிருந்து மண்ணை அடிச்சுக்கிட்டு வரும்போது, கனமானதை முதல்ல போட்டுடும். அதனால அடிவாரத்தில பெருங்கல்லும் சரளையும். கொஞ்சம் தள்ளி வந்தா மணல் கலந்த செம்மண், நம்ம மல்லாட்டைக் கொல்லைங்க இருக்கிற இடம். இன்னும் இறங்கினா மண்ணு நிறம் மங்கிக்கிட்டே போகும், ஒட்ட ஆரம்பிக்கும். ஏரிக்குள்ளேயும் ஏரிக்குக் கீழே இருக்கிற கழனியிலேயும் கறுத்த களிமண். ரொம்ப நைசான தூள்தான் கடைசி வரைக்கும் மிதந்து வந்து அங்கே படியும். ஆக, ஒரு மனை மலைக்கும் ஏரிக்கும் நடுவுல எந்த இடத்தில இருக்கு என்று தெரிஞ்சாலே அதன் மண்ணு பாதி தெரிஞ்ச மாதிரி.

கோட்டை கட்டினவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கு. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச 12 மராட்டியக் கோட்டைகளில நம்ம செஞ்சியும் ஒண்ணு, தமிழ்நாட்டில இது மட்டும்தான். மேலே போய் மதிலைப் பாருங்க. எத்தனையோ இடத்தில பாறை மேலேயே நேரா சுவர் எழுப்பியிருக்காங்க. பாறைதான் அங்கே கடைக்கால். குளங்களை மட்டும், ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் எல்லாத்தையும், மலைத்தண்ணி தானா இறங்கி வந்து தேங்குற தாழ்வான இடத்தில வெட்டியிருக்காங்க. 1690 முதல் 1698 வரைக்கும் முகலாயப் படை முற்றுகை போட்டும் உள்ளே இருந்தவங்க தாக்குப் பிடிச்சாங்க என்றால் அதுக்குத் தண்ணீரும் ஒரு காரணம். கட்டடம் கெட்டியான இடத்தில, தண்ணி தாழ்வான இடத்தில. இப்போ நாம தலைகீழா, தண்ணி நிக்கிற இடத்தில கட்டடம் கட்டுறோம்.

நம்ம ஊர் மட்டும் இல்லை. சென்னையில தியாகராய நகர் இருக்கிற இடம் 1920-களுக்கு முன்னாடி ஒரு நீளமான ஏரி. ஏரியைத் தூர்த்துத்தான் நகர் போட்டாங்க. ஊர்ப் பேரில தாங்கல், ஏரி, குளம், பள்ளம் என்று வந்தாலே கொஞ்சம் யோசிக்கணும். பேர் மட்டும் இருக்கும், தண்ணி இருந்த இடத்தில தெரு இருக்கும்.

சரி, களிமண்ணில கட்டினா என்ன ஆகும்? ஒரு உதாரணம். நடவுக்கு முன்னாடி கழனியில பரம்பு அடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. சேத்தில சும்மா கால் வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும். அதே ஆள் பரம்புப் பலகை மேலே ஏறி நின்னா அவ்வளவா இறங்க மாட்டார். ஆள் எடை மாறலை, எடை பரவுற இடம்தான் பெரிசாச்சு. வீட்டுக்குக் கீழே கடைக்காலை அகலமா போடுறதும் இதுக்குத்தான். எவ்வளவு அகலம் என்பது மண்ணைப் பொறுத்தது. பொறியாளர்கள் முதல் கணக்குக்கு ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. குறையில்லாத கருங்கல் பாறை ஒரு சதுர மீட்டருக்கு 330 டன் வரைக்கும் தாங்கும். கெட்டியான சரளை 45 டன். கட்டை விரலால அழுத்தினா பள்ளம் விழுற மெது களிமண் 10 டன். கட்டை விரல் நாலஞ்சு அங்குலம் உள்ளே போயிடுற சேத்துக் களிமண் என்றால் 5 டன்தான். ஒரே செஞ்சியில, ரெண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள்ள, 330-உம் இருக்கு 5-உம் இருக்கு! அதனால ‘பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தான் கட்டினார்’ என்று சொல்லிக்கிட்டு அதே மாதிரி கட்டுறது சரிப்படாது.

களிமண்ணுக்கு இன்னொரு குணமும் இருக்கு. சித்திரை வெயில்ல ஏரிக்குள்ள போய்ப் பாருங்க, விரல் நுழையற அளவு வெடிச்சிருக்கும். அதே இடம் ஐப்பசி மழையில ஊறிப் பருத்து வெடிப்பெல்லாம் மூடிக்கும். பருக்கிற மண்ணு சும்மா பருக்காது, மேலே இருக்கிறதைத் தூக்கும். வருஷா வருஷம் தூக்கித் தூக்கி இறக்கினால் சுவர் என்ன ஆகும்? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா ஒரு விரிசல் போகும். சிமெண்டு பூசி மறைச்சாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில வரும். சுவரில குறை இல்லை, கீழே இருக்கிற மண்ணு மூச்சு விடுது. வீட்டை ஒட்டிப் பெரிய மரம் வச்சால் இது இன்னும் மோசம். மரம் கோடையில களிமண்ணிலிருந்து தண்ணியை உறிஞ்சும், மண்ணு அந்தப் பக்கம் மட்டும் சுருங்கும். (இதுக்காக யாரும் மரத்தை வெட்ட வேண்டாம், தள்ளி நடுங்க.)

இத்தாலி நாட்டுப் பைசா கோபுரம் நமக்குப் பாடத்தில வந்திருக்கு. 1173-இல் கட்ட ஆரம்பிச்சாங்க. மூணாவது மாடி எழும்பும்போதே சாய ஆரம்பிச்சது. அவ்வளவு பெரிய கோபுரத்துக்குக் கடைக்கால் ஆழம் 3 மீட்டர்தான், அதுவும் மெதுவான களிமண்ணில. நடுவில சண்டை வந்து ஏறக்குறைய 100 வருஷம் வேலை நின்னு போச்சு. அந்த இடைவெளியில மண்ணு இறுகிச்சு. நிக்காம கட்டியிருந்தா அப்பவே விழுந்திருக்கும் என்று சொல்றாங்க. 1990-இல் மூடி, சாயாத பக்கத்து அடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி எடுத்து, சுமார் 45 சென்டிமீட்டர் நிமிர்த்தி, 2001-இல் திரும்பத் திறந்தாங்க. உலகமே போட்டோ எடுக்கிற அந்தச் சாய்வு, மண்ணைப் பார்க்காததால வந்தது. நம்ம வீடு சாய்ஞ்சா யாரும் போட்டோ எடுக்க வர மாட்டாங்க.

இப்போ எங்க வீட்டு விஷயம் ஒண்ணு சொல்றேன். எங்க சித்தியும் சித்தப்பாவும் வாடகை வீட்டில இருக்காங்க. சித்தி தையல் தைக்கிறாங்க, சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். மகளிர் குழு பணம், சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து 1,200 சதுர அடியில ஒரு மனை பார்த்தாங்க. 20,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தாச்சு. பார்க்க நல்ல செவப்பு மண்ணு, சமமா இருந்திச்சு. எங்க தாத்தா அந்தக் காலத்தில கிணறு வெட்டுன ஆளு. “கெரயம் பண்றதுக்கு முன்னால ஒருவாட்டி நான் பாக்கறன்”னு கடப்பாரை, மண்வெட்டி எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். நானும் கூடப் போனேன்.

ஒன்றரை அடி வரைக்கும் சிவப்புக் கிராவல் வந்திச்சு. அதுக்குக் கீழே மண்ணு கறுப்பா மாறிடுச்சு. கோரைக் கிழங்கு, அப்பறம் வெள்ளை வெள்ளையா நத்தை ஓடு. தாத்தா ஒரு நத்தை ஓட்டை எடுத்துச் சித்தப்பா கையில வச்சு, “இது எங்கப்பா இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். சித்தப்பா பேசலை. அந்தக் கறுப்பு மண்ணைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, கையில உருட்டிக் கயிறு மாதிரி திரிச்சு, வளையலா வளைச்சார். உடையவே இல்லை. மணல் கலந்த மண்ணு அப்படி வளையாது, பாதியிலேயே உதிரும். மூணரை அடி தோண்டியும் களிமண்தான். சாயங்காலம் குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு வந்தோம். காலையில போய்ப் பார்த்தா பாதிக்கு மேலே அப்படியே நின்னுச்சு. வெளியே ஊர்லேயிருந்து லாரியில கிராவல் கொண்டாந்து கழனி மேலே கொட்டி மூடியிருக்காங்க!

மனையைக் காட்டினவர், “எல்லாரும் இதுலதாங்க கட்றாங்க, ஒண்ணும் ஆவாது” என்றார். தாத்தா சொன்னது எனக்கு நியாயமாப் பட்டது: “கட்டலாம், கட்டக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா கெட்டி கண்ட வரைக்கும் போவணும். அந்தக் காசு இவங்ககிட்ட இருக்குதா?” மேஸ்திரி மாமா வந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். கடைக்காலுக்கு மட்டும் 2 லட்சத்துக்கு மேலே கூட ஆகும் என்றார். மனையை விட்டுட்டாங்க. அட்வான்ஸ் பாதிதான் திரும்ப வந்தது. சித்தி இன்னும் வாடகை வீட்டிலதான் இருக்காங்க. அதுக்கப்பறம் ரெண்டு இடம் பார்த்தாங்க. ஒரு இடத்தில குழி தோண்டவே விடலை. தோண்ட விடாத இடத்தை வாங்க வேண்டாம் என்று தாத்தா சொல்லிட்டார். எனக்கும் அது சரியாத்தான் படுது. துணிக்கடையில துணியைத் தொட்டுப் பார்க்க விடலைன்னா நாம வாங்குவோமா?

தாத்தா செஞ்ச இன்னொரு சோதனையும் சொல்லிடறேன். தோண்டின மண்ணையே திரும்பக் குழியில போட்டு மிதிச்சார். குழி நிரம்பி மண்ணு மிச்சம் வந்தால் அது காலங்காலமா இறுகின நல்ல இடம். சரியா இருந்தால் பரவாயில்லை. குழி நிரம்பாமல் மண்ணு பத்தலைன்னா லேசான, சமீபத்தில கொட்டின மண்ணு. தாத்தா இதை அவங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டதா சொன்னார். ‘மயமதம்’ என்ற பழைய சிற்ப நூலில இதே சோதனையும், குழியில ராத்திரி தண்ணி ஊத்தி வச்சுக் காலையில பார்க்கிற சோதனையும் இருக்கு. இதில அறிவியலும் இருக்கு. இறுகின மண்ணை வெட்டி எடுத்தால் நடுவில காத்து புகுந்து கன அளவு கூடிடும், அதனால மிச்சம் வரும். ஏற்கெனவே காத்தோட்டமா கிடக்கிற மண்ணு மிதிச்சால் அமுங்கிடும்.

மனை பிடிச்சுப் போய் வேற வழியில்லை, களிமண்ணில்தான் கட்டணும் என்றால் அதுக்கும் வழி இருக்கு. கொட்டின மண்ணில வானம் தோண்டி நிறுத்தாமல் கெட்டி மண்ணு வரைக்கும் போகணும். மணல் நிரப்பித் தண்ணி விட்டு அடிச்சு, மேலே சுத்திலும் கம்பி கட்டிக் கான்கிரீட் பீம் போடணும். களிமண் ரொம்ப ஆழமா இருந்தால் அடியில மணி மாதிரி அகலமா விரியற கான்கிரீட் தூண்களை இறக்குறாங்க. ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலங்களுக்காக உருவாக்கின முறை அது. மாடி வீடு என்றால் பொறியாளரை வச்சு மண் பரிசோதனை செய்யாமல் தொடவே கூடாது.

நம்ம ஊருக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கு, இதை யாரும் பெரிசா நினைக்கிறதில்லை. மலை ஓரத்து மனைகளில ஒரு மூலையில பாறை தெரியும். ‘பாறை இருக்கு, கெட்டி’ என்று சந்தோஷப்படுவாங்க. ஆனால் அந்தப் பாறை சரிஞ்சு உள்ளே போயிடும், மறு மூலையில ஆறடி தோண்டினாலும் மண்ணுதான் வரும். வீட்டில பாதி பாறை மேலே, பாதி மண்ணு மேலே. மண்ணு பக்கம் அரை அங்குலம் இறங்கினாலும் பாறைப் பக்கம் இறங்காது. வீடு நடுவில பிளக்கும். முழுக்கக் களிமண்ணா இருக்கிற இடத்தில வீடு ஒண்ணா இறங்கித் தப்பிச்சாலும் தப்பிக்கும், இதில தப்பிக்காது. அதனால ஒரு குழி பத்தாது, நாலு மூலையிலும் நடுவிலும் பார்க்கணும்.

மலையடிவாரம் என்று சொல்லும்போது திருவண்ணாமலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில கரை கடந்தது. நம்ம மாவட்டத்தில மயிலத்தில ஒரே நாளில சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில அண்ணாமலையார் மலை அடிவாரத்தில வ.உ.சி. நகரில மண் சரிஞ்சு, பாறையும் சேறும் ஒரு வீட்டு மேலே விழுந்தது. 7 பேர் செத்துப் போனாங்க. அதில 5 பேர் பிள்ளைங்க, நம்ம வயசும் நம்மளைவிடச் சின்ன வயசும்.

அங்கேயும் நம்ம மலை மாதிரிதான். சரிவில பாறை, அது மேலே உதிர்ந்த மண்ணு, மண்ணுக்குள்ளே புதைஞ்ச உருண்டைக் கல்லு. காய்ஞ்சிருக்கும்போது மண்ணு கல்லைப் பிடிச்சிருக்கும். மழைத்தண்ணி உள்ளே இறங்கி, கீழே பாறை இருக்கிறதால மேலே போக வழியில்லாமல் நின்னால், மண்ணு எடை கூடும், பிடிப்பு விட்டுப்போகும். அடியில வீட்டுக்காகவோ ரோட்டுக்காகவோ சரிவை வெட்டியிருந்தால் தாங்கிப் பிடிக்கவும் ஒண்ணும் இருக்காது. நான் பயமுறுத்த இதை எழுதலை. ஆனால் அடிவாரத்தில மனை பார்க்கிறவங்க மேலேயும் பார்க்கணும். மேலே மரம் செடி இருக்கா, கல்லு மண்ணுக்குள்ளே நிக்குதா பாறை மேலே நிக்குதா, மழையில தண்ணி எந்த வழியா இறங்குது, சரிவை யாராவது வெட்டியிருக்காங்களா என்று பார்க்கணும். மழை நாளில ஓடை புதுசா வழி மாறி வந்தாலோ, தரையில வெடிப்பு தெரிஞ்சாலோ அன்னைக்கே வெளியே வந்துடணும்.

தோண்டாமலே கொஞ்சம் தெரிஞ்சுக்கவும் வழி இருக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு என்று ஒண்ணு இருக்கு. அரசு இணையதளத்திலும் புல எண் போட்டால் வரும். அதில நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம் என்ன, ‘மண் வயனமும் ரகமும்’, ‘மண் தரம்’ என்று கட்டம் கட்டமா போட்டிருக்கும். அந்தக் காலத்தில நிலவரி போடறதுக்காக ஊர் ஊரா வந்து மண்ணைப் பார்த்து எழுதின கணக்கு அது. கட்டத்தில எண்ணாத்தான் இருக்கும், எந்த எண் எந்த மண்ணு என்று கேட்டுக்கலாம். நன்செய் என்றும் பாசன ஆதாரத்தில ஏரி என்றும் இருந்தால், மேலே எவ்வளவு சிவப்பா இருந்தாலும் கீழே கழனிதான். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பிப் பார்க்காமல் வந்துடுங்க. எங்க சித்தப்பா இந்தக் கட்டத்தை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தப் பத்தாயிரம் மிச்சம்.

பக்கத்தில திறந்த கிணறு இருந்தால் எட்டிப் பாருங்க (பத்திரமா, பெரியவங்களோட). எந்த மண்ணு எத்தனை அடி என்று கிணத்துச் சுவரே படம் போட்ட மாதிரி காட்டும். செடியும் சொல்லும். கோரை அடர்ந்திருந்தால் தண்ணி தேங்குற இடம். ஆவாரையும் எருக்கும் என்றால் காய்ஞ்ச சரளை. தரையில உப்பு பூத்த மாதிரி வெள்ளையா இருந்தால் உவர், அங்கே செங்கல் சுவர் கீழேயிருந்து அரிச்சுக்கிட்டே வரும். சீமைக் கருவேலத்தை மட்டும் நம்பாதீங்க, அது எங்கே வேணும்னாலும் முளைக்கும். முடிஞ்சால் ஒரே இடத்தை ரெண்டு தடவை பாருங்க, சித்திரையில ஒரு தடவை, ஐப்பசியில ஒரு தடவை. சித்திரையில எல்லா மனையும் நல்ல மனைதான்.

இப்போ தோட்டத்துக்கு வருவோம். வீட்டுக்கு ஆகாத களிமண்ணு நெல்லுக்கு அருமை, தண்ணியைப் பிடிச்சு வைக்கும். மல்லாட்டைக்கு அது ஆகாது. மல்லாட்டை பூக்கிறது மேலே, காய்க்கிறது கீழே. பூ உதிர்ந்ததும் ஊசி மாதிரி விழுது இறங்கி மண்ணுக்குள்ளே போய்த்தான் காயாகும். இறுகின மண்ணில அந்த ஊசி எப்படி இறங்கும்? இறங்கினாலும் பிடுங்கும்போது காய் மண்ணிலேயே அறுந்து நின்னுடும். நம்ம பக்கத்துச் செம்மண்ணில மல்லாட்டை இவ்வளவு விளையறதுக்குக் காரணம் இதுதான். பக்கத்திலேயே திண்டிவனத்தில எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதும், டி.எம்.வி. என்று ஆரம்பிக்கிற ரகங்கள் அங்கிருந்து வந்ததும் உங்களில பல பேருக்கு வீட்டில தெரிஞ்சிருக்கும்.

நம்ம பள்ளித் தோட்டம் செம்மண். அதில தழைச்சத்தும் மக்கும் கம்மி, ஊத்துற தண்ணி உடனே கீழே ஓடிடும். தக்காளிச் செடி மதியமே தலை தொங்கிடுறதுக்கு நாம தண்ணி ஊத்தாதது காரணம் இல்லை, மண்ணு பிடிச்சு வைக்காததுதான். இதுக்கு மருந்து எருவும் ஏரி வண்டலும். எங்க ஆயா வேப்பந்தழையும் கொளுஞ்சியும் போட்டு மிதிச்சு மக்க வைப்பாங்க. ஏரி வண்டல் எடுக்க இஷ்டத்துக்குப் போகக்கூடாது, தாசில்தார் அனுமதி வாங்கணும். முருங்கை, கொய்யா, சீத்தா செம்மண்ணில பெரிசா கேட்காமல் வரும்.

விவசாய நிலத்துக்கு வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில சோதிச்சு மண்வள அட்டை கொடுக்கிறாங்க. நாடு முழுக்க இந்தத் திட்டம் 2015-இல் ஆரம்பிச்சது. தழை, மணி, சாம்பல் சத்து, அமில காரத் தன்மை, துத்தநாகம், இரும்பு என்று 12 விஷயம் அதில இருக்கும். மண் எடுக்கும்போது வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது. நிலத்தில அங்கங்கே 10, 15 இடத்தில ‘வி’ மாதிரி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் ஓரமா சீவி எடுத்துக் கலக்கணும். பரப்பி நாலு பங்காக்கி எதிர் எதிர்ப் பங்கைத் தள்ளிக்கிட்டே வந்து, கடைசியில அரை கிலோவைத் துணிப்பையில கட்டி அனுப்பணும். ஒரு இடத்தில ஒரு பிடி அள்ளி அனுப்பினால் அது அந்தப் பிடிக்குத்தான் ரிசல்ட்.

நாமே செய்யக்கூடியது பாட்டில் சோதனை. கண்ணாடி பாட்டிலில மூணில ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி. நல்லாக் குலுக்கி ஜன்னலில வைங்க. ஒரு நிமிஷத்தில அடியில தங்குறது மணல். ஒண்ணு ரெண்டு மணி நேரத்தில அது மேலே படியறது வண்டல். மறுநாள் வரைக்கும் கலங்கலாவே நின்னு மெதுவா படியறது களி. ஸ்கேல் வச்சு அளந்தால் எது எவ்வளவு என்று தெரிஞ்சிடும். இன்னொன்று, மஞ்சள் தண்ணியில நனைச்சுக் காயவைச்ச தாளை ஈர மண்ணில அழுத்திப் பாருங்க. சிவந்தால் அது களர் மண்ணு, ஜிப்சம் போட்டுத் திருத்தாமல் அங்கே செடி வராது. எலுமிச்சைச் சாறு விட்டு நுரைச்சால் சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண்ணு.

எங்க வகுப்பில இதுவரைக்கும் 5 பாட்டில் வச்சிருக்கோம். கோட்டை அடிவாரத்து மண்ணு சாயங்காலத்துக்குள்ளே தெளிஞ்சிடுச்சு, அடியில கிட்டத்தட்ட எல்லாமே மணல். சித்தி பார்த்த மனையின் கறுப்பு மண்ணு மூணாம் நாள் வரைக்கும் டீ மாதிரியே நின்னுச்சு. அஞ்சும் அறிவியல் அறை ஜன்னலில இருக்கு, குலுக்காமல் பாருங்க. உங்க ஊர் மண்ணும் வேணும். ரெண்டு பிடி போதும், ரெண்டடி ஆழத்திலிருந்து எடுங்க. ஊர்ப் பேரையும், கொல்லையா கழனியா மனையா என்பதையும் ஒரு சீட்டில எழுதி உள்ளே போட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒன்பதாம் வகுப்பில என்கிட்ட கொடுங்க. பாட்டிலை நான் கொண்டு வர்றேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி